வாயிற்காப்போன்

பள்ளிக்கூடங்களில் பூட்டுகளுக்குப் பஞ்சமில்லை. அலுவலகத்துக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, விளையாட்டுப் பொருள் வைக்கும் அறைக்கு ஒன்று, தேர்வுத்தாள் இருக்கும் இரும்பு அலமாரிக்கு இரண்டு. காலையில் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நடைவழியில் வரும் ஓசையே சில பள்ளிகளில் முதல் மணி. அந்தக் கொத்தில் உள்ள ஒவ்வொரு சாவிக்கும் உரிய கதவு எது என்று கண்ணால் காணலாம். கதவு திறக்கவில்லை என்றால் பூட்டு துருப்பிடித்திருக்கும், அல்லது சாவி மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத கதவும் கையில் பிடிக்க முடியாத சாவியும் பள்ளிக்குள் நுழைந்த பிறகு தொல்லை வேறு வகையாகிவிட்டது.

மலேசியாவில், செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில், 2015ஆம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை அத்தகைய கதவொன்று திறக்க மறுத்தது.

அப்பள்ளியின் கணினி அறையில் இருபது முனையங்கள் இருந்தன. அலுவலகம் ஒன்று கழித்துக் கட்டிய பழைய கணினிகள் அவை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் அவற்றைக் கேட்டு வாங்கி, தூசு தட்டி, சுவரோரமாக மேசை போட்டு அடுக்கியிருந்தனர். அவற்றுள் எதிலும் வன்தட்டு இல்லை. 'தின் கிளையண்ட்' என்று வழங்கும் ஏற்பாடு அது. அறையின் மூலையில் நல்ல வலிவுள்ள கணினி ஒன்று சேவையகமாக அமர்ந்திருக்கும். முனையத்தின் பொத்தானை அழுத்தியதும் அது கம்பி வழியாகச் சேவையகத்திடம் முகவரி கேட்கும். தான் இயங்குவதற்கு வேண்டிய மென்பொருளையும் அங்கிருந்தே பெற்றுக்கொள்ளும். பிள்ளைகள் எழுதுவது, வரைவது, சேமிப்பது யாவும் சேவையகத்திலேயே நிகழும். ஓர் அடுப்பில் சமைத்து இருபது இலையில் பரிமாறுவதைப் போன்றது. புதிய கணினிகள் வாங்க வழியில்லாத பள்ளிகளுக்கு இம்முறை பெரும் உதவி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் மெக்குவிலன் என்பவர் 1999ஆம் ஆண்டில் 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்' என்னும் பெயரில் இதற்குரிய மென்பொருளைத் தொடங்கினார். எல்.டி.எஸ்.பி. எனச் சுருக்கி அழைக்கப்படும் அதனை விலையின்றியே பெறலாம். இப்பள்ளியில் இருந்தது அதன் ஐந்தாம் பதிப்பு.

அன்று காலை முனையங்கள் வழக்கம்போல் எழுந்தன. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு கட்டம் எல்லாத் திரைகளிலும் தோன்றியது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பெயரைத் தட்டினர், கடவுச்சொல்லைத் தட்டினர். சேவையகத்திடமிருந்து மறுமொழி இல்லை என்று ஒரு வரி வந்தது. கட்டம் மறைந்து மறுபடியும் முதலிலிருந்து தோன்றியது. இருபது திரையிலும் இதே கதை. மூன்று வாரமாகப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கென எழுதிச் சேர்த்திருந்த கட்டுரைகளும் கதைகளும் அந்தக் கட்டத்துக்கு அப்பால் இருந்தன.

அறைக்குப் பொறுப்பானவர் பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆன இளம் ஆசிரியர். கணினியில் ஆர்வம் மிக்கவர். ஆர்வம் இருந்தமையால் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. பள்ளிகளில் அப்படித்தான் நடக்கும். பாடத் தெரிந்தவர் இசைக்குழுவுக்கும், ஓடத் தெரிந்தவர் விளையாட்டு விழாவுக்கும் பொறுப்பாவர். அதற்கெனப் பயிற்சி பெற்றாரா என்று எவரும் கேட்பதில்லை. அவர் சேவையகத்தின் முன் அமர்ந்து பார்த்ததில், முனையங்களிலிருந்து வருவோரை அடையாளம் கண்டு உள்ளே விடும் சேவை மட்டும் நின்று போயிருந்தது. அதனைத் தொடங்குமாறு ஆணையிட்டார். அது எழுந்த மறுகணமே விழுந்தது. கணினி தானாகவும் சில முறை அதை எழுப்பிப் பார்த்துக் கைவிட்டிருந்தது.

இந்தச் சேவையின் பெயர் எஸ்.எஸ்.எச். இதன் பிறப்பே ஒரு திருட்டினால் நேர்ந்தது. 1995ஆம் ஆண்டில் பின்லாந்தின் எல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கம்பியில் ஓடும் கடவுச்சொற்களை எவரோ ஒட்டுக் கேட்டுத் திரட்டிவிட்டனர். அங்கு ஆய்வாளராய் இருந்த டாட்டு இலோனன், கடவுச்சொல்லை மறைபொருளாக்கி அனுப்பும் வழியை அவ்வாண்டே உருவாக்கி வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் கடவுச்சொற்கள் அஞ்சலட்டையில் எழுதிய செய்திபோல் கம்பியில் திறந்த மேனியாகவே பயணம் செய்தன. கடவுச்சொல்லின் வரலாறே இத்தகைய விபத்துகளால் ஆனது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரின் தலைமையில் 1961ஆம் ஆண்டில் செய்து காட்டப்பட்ட கணினி முறையில், பலர் தத்தம் முனையத்திலிருந்து ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்டனர். அவரவர் கோப்பு அவரவர்க்கே உரியதாய் இருக்கவேண்டும் என்று கடவுச்சொல்லும் வைத்தனர். ஒரு நாள், உள்ளே நுழைவோர்க்கெல்லாம் அறிவிப்பு வாசகத்துக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன! அறிவிப்பு வாசகத்தை ஒருவரும் கடவுச்சொல் கோப்பை மற்றொருவரும் ஒரே வேளையில் திருத்தப் போக, இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயர் அமைந்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய்விட்டது. தீயவர் எவரும் அங்கே இல்லை. இருவரும் தத்தம் வேலையைச் செய்தவர்களே.

இப்பள்ளியில் அன்று அப்படி எண்ணிப் பார்க்க எவருக்கும் பொழுதில்லை. 'யார் கை வைத்தது?' என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் சேவையகத்தின் விசைப்பலகைமேல் கை வைத்திருந்ததைத் தாம் கண்டதாக ஓர் ஆசிரியை சொன்னார். பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னார். அந்த மாணவன் வகுப்பில் எல்லாரையும்விட விரைவாகத் தட்டெழுதுபவன். ஆண்டு மலர்க் கட்டுரைகளில் பாதி அவன் கையால் ஏறியவை. அவனை அழைத்துக் கேட்டபோது, "துணியால் துடைத்தேன், டீச்சர்" என்றான். வேறு எதையும் அழுத்தினாயா என்று கேட்டனர். இல்லை என்றான். நிச்சயமாகவா என்று கேட்டனர். பதினொரு வயதுப் பிள்ளையிடம் மூன்று பெரியவர்கள் சூழ நின்று 'நிச்சயமாகவா' என்று கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் நா தடுமாறும். அத்தடுமாற்றம் போதுமான சான்றாயிற்று.

பிற்பகலில் அவனுடைய தந்தையார் வந்தார். தோட்டத்தில் குலை வெட்டுபவர். முழங்கால்வரை சேறு படிந்த காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அலுவலகத்தில் நின்றார். தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டியும் அவர் அமரவில்லை. கணினி பழுதாகிவிட்டது என்பது மட்டுந்தான் அவருக்கு விளங்கிற்று. "எவ்வளவு வெள்ளி ஆகும் டீச்சர்? பையன்தான் செஞ்சான்னா மாசாமாசம் கொஞ்சமா கட்டிடுறேன்" என்றார். மகன் செய்திருப்பானா என்று அவர் கேட்கவில்லை. செய்யவில்லை என்று வாதிடவும் இல்லை.

இளம் ஆசிரியர் அப்போது அந்த அறையில்தான் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி அடங்கிய பின், தாம் சேவையகத்தில் ஒரு வேலை செய்ததை அவர் மறக்கவில்லை. ஆனால் அது நல்ல வேலை. பழுது வந்தால் உதவட்டும் என்று அமைப்புக் கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்து வைத்த வேலை. அதனால் கேடு விளையும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றாத ஒன்றைச் சொல்லவும் இல்லை. அவர் பொய் பேசவில்லை என்பது உண்மை. அந்தத் தகப்பன் வெறுங்காலோடு திரும்பிப் போகும்வரை அவர் வாய் திறக்கவில்லை என்பதும் உண்மை.

மாலையில் அவர் தொலைபேசியில் நண்பர் ஒருவரைக் கேட்டார். "அந்தச் சேவைக்கென்று சில சாவிக் கோப்புகள் இருக்கும். அவை கெட்டிருக்கலாம். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கிப் பார்" என்றார் நண்பர். ஆசிரியர் அவ்வாறே செய்தார். என்ன வியப்பு! சேவை எழுந்தது, விழாமல் நின்றது. அவர் ஓடிச் சென்று முனையம் ஒன்றை இயக்கிப் பெயரும் கடவுச்சொல்லும் இட்டார். இம்முறை வேறொரு வரி வந்தது: இந்தப் பணிநிலையத்துக்குச் சேவையகத்துடன் இணைய அனுமதி இல்லை. இரண்டாவது முனையத்திலும் அதுவே, இருபதாவதிலும் அதுவே. இரவு எட்டு மணிக்கு அறையைப் பூட்டிவிட்டு வீடு சென்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, பெரியவர் ஒருவர் வந்தார். தொலைபேசித் துறையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்தி அப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். முன்பொரு முறை பள்ளியின் மணி கெட்டபோது அதைச் சீர் செய்து தந்திருந்தார். அந்தப் பழக்கத்தால் தலைமையாசிரியை அவருக்குச் சொல்லியனுப்பினார். அவர் கையில் கருவிப்பெட்டி இல்லை. மூக்குக் கண்ணாடியும் ஒரு பழைய குறிப்பேடும் மட்டுமே கொண்டு வந்தார்.

பழுது பார்ப்போரில் இரு வகையினர் உண்டு. கண்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்போர் ஒரு வகை. எது நன்றாக இருக்கிறது என்று முதலில் பிரித்து ஒதுக்குவோர் மற்றொரு வகை. பெரியவர் இரண்டாம் வகை. ஒரு முனையத்தை இயக்கிவிட்டுக் கைகட்டி நின்று பார்த்தார். கட்டம் தோன்றியது. "முகவரி கிடைத்திருக்கிறது, மென்பொருள் வந்திருக்கிறது, படம் வந்திருக்கிறது. அப்படியென்றால் கம்பியில் கோளாறு இல்லை, தம்பி. கடைசிப் படியில்தான் கால் இடறுகிறது" என்றார். பிறகு அந்த வரியைப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "இதை எழுதியவர் முனையத்தின் மேல் பழி போட்டுவிட்டார். முனையம் ஒன்றும் செய்யவில்லை. அது நேற்றுவரை அறிந்த சேவையகத்தைத்தான் தேடுகிறது. இது வேறு ஆள் என்று நினைத்து ஒதுங்குகிறது."

அங்கே கூடியிருந்தோர்க்கு அது விளங்கவில்லை. அவர் இராமாயணத்தைத் துணைக்கு அழைத்தார். அசோகவனத்தில் அனுமனைக் கண்ட சீதை அவனை உடனே நம்பிவிடவில்லை. மாயம் மிகுந்த ஊரில் யாரை நம்புவது? இராமனின் கணையாழியைக் கண்ட பிறகே நம்பினாள். பின்னர்த் தன் சூடாமணியை அவனிடம் கொடுத்தனுப்பினாள். இந்தச் சேவையிலும் அப்படியே. முனையம் கடவுச்சொல்லை எடுத்த எடுப்பில் கொடுப்பதில்லை. சேவையகம் முதலில் தன் கணையாழியைக் காட்டவேண்டும். அக்கணையாழியின் அச்சு முனையங்களின் மென்பொருளுக்குள் முன்பே பதிந்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்தால்தான் கடவுச்சொல் என்னும் சூடாமணி கை மாறும். "நீங்கள் நேற்றுப் பழைய மோதிரத்தை அழித்துப் புதிய மோதிரம் செய்துவிட்டீர்கள், தம்பி. அச்சு பழையதாகவே இருக்கிறது. அதனால்தான் இருபது சீதையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்" என்றார். ஆசிரியைமார் சிரித்தனர். இளம் ஆசிரியரும் சிரித்தார். சிக்கல் தீர்ந்தது என்றே எல்லாரும் எண்ணினர்.

பெரியவர் அங்கே நிறுத்தவில்லை. "இது திங்கள் மாலைக் கோளாறு. திங்கள் காலைக் கோளாறு எது? பழைய மோதிரம் இருந்தபோதே காவலன் ஏன் எழவில்லை?" என்றார்.

பழுது நீங்கினால் போதும் என்று எழுந்து போயிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பையனின் கதையும் அத்துடன் மூடப்பட்டிருக்கும். பள்ளியில் பதியும் பெயர் பல ஆண்டுகள் நிற்கும். 'கணினியைக் கெடுத்த பையன்' என்று இடைநிலைப் பள்ளிவரை அது அவனைத் தொடர்ந்து சென்றிருக்கும்.

சேவை ஒன்று தொடங்கும்போது அது சொல்லும் சொற்களைக் கணினி ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும். பழுது பார்ப்போர் பலர் அதைப் படிப்பதில்லை. நோயாளி வாய் திறந்து சொல்வதைக் கேளாமல் மருந்து தேடும் மருத்துவர்போல் அவர்கள் வேறெங்கோ அலைவர். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கோப்பைத் திறந்தார். திங்கட்கிழமைக் காலை வரிகள் அப்படியே இருந்தன. சாவிக் கோப்பின் அனுமதி 0777. இது மிகவும் திறந்து கிடக்கிறது. தனிச் சாவியைப் பிறர் அணுகக் கூடாது. ஆகவே இந்தச் சாவி புறக்கணிக்கப்படுகிறது. இருந்த சாவிகள் ஒவ்வொன்றுக்கும் இதே சொற்கள். முடிவில், சாவி எதுவும் இல்லை, வெளியேறுகிறேன் என்று ஒரு வரி.

சேவை பழுதாகவில்லை! தன் சாவி ஊரறியத் திறந்து கிடப்பதைக் கண்டு, காவல் நிற்க மறுத்திருக்கிறது.

777 என்பது என்னவென்று ஆசிரியைமார் கேட்டனர். பெரியவர் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினார். படிக்கும் உரிமைக்கு 4, எழுதும் உரிமைக்கு 2, இயக்கும் உரிமைக்கு 1. மூன்றையும் கூட்டினால் 7. முதல் இலக்கம் உடையவருக்கு, இரண்டாவது அவர் குழுவுக்கு, மூன்றாவது ஊராருக்கு. 777 என்றால் எல்லாருக்கும் எல்லா உரிமையும். சாவிக் கோப்புக்கு இருக்க வேண்டியது 600. உடையவர் படிக்கலாம், எழுதலாம், மற்றவர்க்கு ஒன்றுமில்லை. ஒன்றும் இரண்டும் நான்குமாய் அமைந்த இந்தக் கணக்கில் ஓர் அழகு உண்டு. எந்தக் கூட்டலும் மற்றொன்றோடு குழம்பாது. 5 என்றால் 4உம் 1உம், 6 என்றால் 4உம் 2உம், வேறு வழியில்லை. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கே இதைக் கற்பித்துவிடலாம்.

பெரியவர் தோட்டத்தில் பிறந்தவர். பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் விளக்கொளியில் பெயர் கூப்பிடும் காட்சியை அவர் சிறுவனாய்ப் பார்த்தவர். கிராணியார் கையிலுள்ள செக்ரோலில் விழும் ஒரு கோடு ஒரு நாள் கூலி. அந்தப் புத்தகத்தை வேறு எவரும் தொட முடியாது. "அது எல்லார் கையிலும் புழங்கினால் பெரட்டு எதற்கு? நூறு பேரும் அவரவர் கோட்டை அவரவரே போட்டுக்கொள்ளலாமே" என்றார்.

அடுத்து அவர் வேறொரு பதிவேட்டைத் திறந்தார். சேவையகத்தில் தலைமை உரிமையைப் பெற்று எவர் எந்த ஆணையை இட்டாலும், அவருடைய பெயரும் நாளும் நேரமும் ஆணையின் சொற்களும் அதில் தாமாகவே பதியும். பெரியவரின் விரல் ஒரு வரியில் நின்றது. வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி 42 நிமிடம். சாவிகள் இருக்கும் கோப்புறை முழுவதற்கும் 777 என்று ஓர் ஆணை. வரியின் தலைப்பில் ஒரு பெயர்.

அவர் அந்தப் பெயரைப் படிக்கவில்லை. நேரத்தை மட்டும் உரக்கச் சொன்னார். "வெள்ளிக்கிழமை பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள்?" என்று கேட்டார். நண்பகலே என்றார் தலைமையாசிரியை. பெரியவர் நாற்காலியைச் சற்று நகர்த்தினார். திரை இளம் ஆசிரியரின் பக்கம் திரும்பியது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அந்த அறையில் இருந்தோர்க்கு அது நீண்ட நேரமாகத் தோன்றியது. பிறகு இளம் ஆசிரியர் சொன்னார்: "நான் செய்தது, ஐயா."

எல்லாவற்றையும் சொன்னார். கோப்புகளைப் படியெடுக்கும்போது சாவிக் கோப்புகள் மட்டும் படிய மறுத்தன. அனுமதி இல்லை என்றது கணினி. அனுமதி இல்லையென்றால் கொடுத்துவிட்டால் போகிறது என்று கோப்புறை முழுவதையும் திறந்துவிட்டார். படியெடுத்த மகிழ்ச்சியில் மூட மறந்து வீடு சென்றார். அந்த மூன்று ஏழுகள் அவர் எங்கோ கண்டு மனத்தில் இருத்தியவை. அதைத் தட்டினால் எந்தத் தடையும் நீங்கும் என்பதுதான் அவர் அறிந்தது. நேற்றுப் பையனைக் கேட்டபோது தமக்கு இது நினைவில் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. தலைமையாசிரியை ஒன்றும் பேசவில்லை. விசாரணையை நடத்தியவர் அவரே அல்லவா?

பெரியவர் அவர்களைப் பேச்சில் விடவில்லை; வேலையைத் தொடங்கினார். இங்கே ஒரு சிறு விவாதம் எழுந்தது. பழைய சாவிகளின் படி பென் டிரைவில் இருக்கிறதே, அவற்றையே திரும்ப வைத்து 600 ஆக்கிவிட்டால் முனையங்களின் பழைய அச்சோடு ஒத்துப்போகும், ஐந்து நிமிடத்தில் வேலை முடியும் என்றார் இளம் ஆசிரியர். சரியான கருத்துத்தான். பெரியவர் தலையசைத்து மறுத்தார். "உங்கள் சட்டைப் பையில் மூன்று நாள் சுற்றிய சாவி அது. இங்கேயும் ஊரார் படிக்கத் திறந்து கிடந்தது. எவரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஊர் பார்த்த இரகசியத்தை மீண்டும் இரகசியம் என்று சொல்லக் கூடாது, தம்பி. நீங்கள் தெரியாமல் செய்த காரியந்தான் சரி. புதிய சாவியே இருக்கட்டும். அச்சை மாற்றுவோம்."

எனவே நீண்ட வழியில் சென்றனர். கோப்புறையின் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தனர். அமைப்பைச் சோதிக்கும் ஆணையை இட்டனர். குறை எதுவும் சொல்லாமல் திரும்பியது. புதிய சாவியின் அச்சை முனையங்களுக்குரிய மென்பொருளில் பதியும் ஆணை ஒன்று. அம்மென்பொருள் முழுவதையும் மறுபடி சுருக்கிக் கட்டும் ஆணை மற்றொன்று. பின்னதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இளம் ஆசிரியர் தம் பென் டிரைவில் இருந்த பழைய படியை அழித்தார். ஆணைகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 777 என்று எழுதி அதன்மேல் ஒரு கோடு கிழித்தார். பெரியவர் பேத்தியின் வகுப்பு முடியும் நேரத்தைப் பார்த்துக்கொண்டார்.

முதல் முனையத்தை மீண்டும் இயக்கி, பெயரும் கடவுச்சொல்லும் இட்டபோது திரை ஒரு கணம் இருண்டது. பிறகு ஆண்டு மலரின் கோப்புறை கண்ணில் பட்டது. பத்தொன்பது முனையங்களையும் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்த பிறகே பெரியவர் எழுந்தார். கூலி என்று எதையும் பெறவில்லை. தேநீர் மட்டும் குடித்தார்.

எல்.டி.எஸ்.பி.யை 2019ஆம் ஆண்டில் முற்றிலும் புதிதாக எழுதிவிட்டனர். பழைய பதிப்பின் நுழைவுக் கட்டம் அதில் இல்லை. அந்தக் குறிப்பேட்டின் ஆணைகளில் பல இனிப் பயன்படா. ஊராருக்குத் திறந்து கிடக்கும் சாவியை ஏற்க மறுக்கும் வழக்கத்தை மட்டும் எஸ்.எஸ்.எச். இன்றும் கைவிடவில்லை.

அன்று மாலை இளம் ஆசிரியர் தோட்டத்து வீடுகளின் பக்கம் தனியே சென்றார். குலை வெட்டுபவர் வாசலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியரைக் கண்டதும் எழுந்து, துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் நின்றபடியே செய்தியைச் சொல்லி முடித்தார். தகப்பனுக்குப் பாதி விளங்கியிருக்கும். "அப்ப காசு ஒண்ணும் கட்ட வேணாமா, சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றார் ஆசிரியர். "பையன் செய்யலைன்னு எனக்குத் தெரியும், சார்" என்றார் அவர். அதற்கு மறுமொழி சொல்ல ஆசிரியரால் முடியவில்லை.

புதன்கிழமை காலை, ஆறாம் ஆண்டு மாணவர்கள் அமர்ந்த பின், அவர் நடந்ததை வகுப்பின் முன் கூறினார்; யார் செய்தது என்பதையும் கூறினார். கரும்பலகையில் 4, 2, 1 என்று எழுதி, 777க்கும் 600க்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். அந்த மாணவன் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் கழித்துக் கையை உயர்த்தினான்.

"சார், அந்தச் சாவியில் யாரும் எதையும் எழுதப் போவதில்லையே. படித்தால் மட்டும் போதும் என்றால், 400 போதாதா?"

ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். இடைவேளையில் பெரியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு பெரியவர் சொன்னார்: "போதும், தம்பி. யார் கேட்டது?"